தபாலட்டையில் ஏறிய அந்தப்புரம்

பழைய படத் தபாலட்டை சேர்ப்பவர்களின் ஆல்பங்களில் அல்ஜீரியப் பெண்கள் இருக்கிறார்கள். 1900–1930 காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து விற்ற படங்கள். சும்மா படந்தானே என்று விட்டுவிட முடியாது. முக்காடிட்ட வீட்டுப் பெண்களைக் கேமரா நெருங்க முடியவில்லை. உடனே கூலிக்கு ஆள் பிடித்து, ஸ்டூடியோவில் வேஷங்கட்டி 'அந்தப்புரம்' தயாராகிவிட்டது. ஒரே பெண், அதே உடையில், ஒரு அட்டையில் பெதூயின், இன்னொன்றில் கபைல். இனவரைவியல் இப்படித்தான் கல்லா கட்டியது.

அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அலூலா இதே அட்டைகளைச் சேகரித்து, 1981இல் 'காலனிய அந்தப்புரம்' என்று நூலாக்கினார். அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்புகிற காரியம் அது. ஆனால், எதிர்ப்பின் பேரால் அந்த உடல்கள் மறுபடியும் அச்சேறுகின்றனவே என்று பெண்ணியவாதிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. காலனியவாதி பார்த்தான், கவிஞன் பார்த்தான், இப்போ நாமும் பார்க்கிறோம். கூலிக்கு நின்றவள் என்ன நினைத்தாள்? அதற்கு எந்த ஆல்பத்திலும் பக்கம் ஒதுக்கப்படவில்லை.