கணினிவழித் தொலைக்காட்சிப் பதிவு: பிழைநீக்கம்

கணினிவழித் தொலைக்காட்சிப் பதிவு என்பது, டியூனர் அட்டை வாயிலாக ஒளிபரப்பை ஏற்று வீட்டுக் கணினியின் வன்தட்டில் கோப்பாகச் சேமிக்கும் முறையாகும். 2002-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பும், அதே ஆண்டில் தோன்றிய மித்டிவி என்னும் கட்டற்ற மென்பொருளும் இம்முறையைப் பரவச்செய்தன. படம் சதுரங்களாகச் சிதறுதலும் ஒலி அறுபடுதலும் பெரும்பாலும் சமிக்ஞைக் குறைவின் லட்சணங்களாதலின், மென்பொருளைக் குறைகூறுமுன் ஆன்டெனா இணைப்பைச் சோதிப்பதே விவேகம். அமெரிக்க டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு விநாடிக்கு 19.39 மெகாபிட் வரை வருவதால், ஒரு மணி நேரப் பதிவு 8 ஜிகாபைட்டையும் கடக்கக்கூடும். கோப்பொன்றுக்கு 4 ஜிகாபைட் வரம்புடைய ஃபாட்32 அமைப்பில் அத்தகைய பதிவு பாதியிலேயே நின்றுவிடக்கூடுமாதலால், என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாறுவதே அதற்குப் பரிகாரம். கணினி உறக்கநிலையினின்று விழிக்காமையும் கடிகாரப் பிழையும் முன்குறித்த பதிவைத் தவறச்செய்யும்.