எம்.சி.சி-யில ராத்திரி நடக்குறீங்களா? டார்ச் ஆன் பண்ணுங்க பாஸ்!

தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில புதுசா சேர்ந்திருக்கீங்களா? 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்த கல்லூரி இது. சுமார் 365 ஏக்கர். நிறைய இடம் புதர்க்காடுதான்.

மேற்கு தாம்பரத்துல பஸ்ஸைவிட்டு இறங்கினா, நடைமேம்பாலம் ஏறி கிழக்குப் பக்கம் வாங்க. ஹெட்செட் மாட்டிக்கிட்டு தண்டவாளத்தைத் தாண்டுற வேலையே வேணாம்.

உள்ளே வந்துட்டா, கவனம் தரையில இருக்கட்டும். செலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர்னு எந்த ஹாலா இருந்தாலும் (இங்கே ஹாஸ்டலை 'ஹால்'னுதான் சொல்லணும்!) இருட்டினா ஷூவும் மொபைல் டார்ச்சும் கட்டாயம். கட்டுவிரியன் ராத்திரியில நடமாடுற பாம்பு. கடிச்சா பெருசா வலிக்காது, வீக்கமும் அநேகமா இருக்காது. ஆபத்தே அதுலதான் இருக்கு. 'ஏதோ பூச்சி'ன்னு படுத்துடாதீங்க.

கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, வாய் வெச்சு உறிஞ்சக் கூடாது. கடிபட்டவர் அசையாம இருக்கணும். கூட இருக்கறவங்க உடனே 108-க்கு அடிங்க. பாம்பைத் துரத்திப் போய் போட்டோ எடுக்குற ஹீரோயிஸமும் வேணாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலுக்கும் நம்ம ஊர்ல ஒரே விஷமுறிவு மருந்துதான்.