முகப்பும் குடித்தனமும்: டப்ளின் வீடு ஒன்றை முன்வைத்து

பழைய கட்டடம் ஒன்றை மீட்டெடுப்பதாக யாராவது சொன்னால், எந்த வருடத்துக்கு மீட்கிறீர்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அயர்லாந்தில், டப்ளின் நகரின் ஹென்றியட்டா தெருவிலுள்ள 14ஆம் எண் வீட்டை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

1714 முதல் 1830 வரை ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் பெயரால் ஜார்ஜியன் என்று வழங்கும் பாணி. பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள். வெளியே வெறும் செங்கல், சீரான சன்னல்கள். அலங்காரமெல்லாம் வாசற்கதவோடு சரி. உள்ளே போனால்தான் சங்கதி: சுதை வேலைப்பாடு, உயரமான கூடங்கள், அகன்ற மாடிப்படி. சமையலும் வேலைக்காரர்களும் நிலவறையில். இந்த ஒழுங்கை வெறும் அழகாக என்னால் பார்க்க முடியவில்லை. யார் எங்கே நிற்கலாம், எந்தப் படியில் ஏறலாம் என்பதைச் செங்கல்லிலும் மரத்திலும் எழுதிவைத்த சட்டம் அது.

1740களின் பிற்பகுதியில் லூக் கார்டினர் கட்டிய இவ்வீட்டின் முதல் குடியிருப்பாளர் மோல்ஸ்வொர்த் பிரபு. நாட்டின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர்கள் உறுப்பினராகவே முடியாத பாராளுமன்றம் அன்றைக்கு. அதன் பெரும்புள்ளிகள் வாழ்ந்த தெரு இது. 1801இல் இணைப்புச் சட்டம் அமலானதும் அந்தப் பாராளுமன்றமே இல்லாமல் போயிற்று. பிரபுக்கள் மெல்ல மெல்ல லண்டன் பக்கம் கிளம்பிட்டாங்க. பெரும்பஞ்சத்தை ஒட்டி, 1850களில், கடனில் மூழ்கிய பண்ணைகளை விற்றுத்தள்ளும் நீதிமன்றம் இதே வீட்டில் நடந்தது. 1877இல் தாமஸ் வான்ஸ் என்பவர் அந்தப் பெரிய மாடிப்படியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வீட்டை 19 ஒண்டுக்குடித்தனங்களாகத் தடுத்தார். 1911 கணக்கெடுப்பின்போது அங்கே 17 குடும்பங்கள், 100 பேர்.

1913 செப்டம்பரில் அதே நகரின் சர்ச் தெருவில் ஒண்டுக்குடித்தன வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அடுத்த வருடம் வெளிவந்த விசாரணை அறிக்கை, நகராட்சி உறுப்பினர்கள் சிலரே இத்தகைய வீடுகளின் சொந்தக்காரர்கள் என்று சொன்னது. அப்புறம் யார் யாரைத் தட்டிக்கேட்பது?

விடுதலைக்குப் பின்னும் இந்தக் கட்டடங்களைப் பற்றி இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்டன. அந்நியன் விட்டுச்சென்ற எச்சம், ஒழியட்டும் என்றது ஒன்று. 1965இல் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 ஜார்ஜியன் வீடுகளை மின்வாரியம் இடித்தபோது, ஒரு பொற்காலம் போச்சே என்று புலம்பியது மற்றது. எதிரெதிர் முகாம்களாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அந்த வீட்டின் சொந்தக்காரன் பிரபு மட்டுமே. ஒன்று அவனை வெறுக்கிறது, மற்றது அவனைத் தொழுகிறது. சுதை பூசிய கொத்தன், அந்தச் சுதையின் கீழே தடுப்பறையில் பிள்ளை பெற்றவள் எல்லாம் இரண்டு கணக்கிலும் வரவில்லை.

கடைசிக் குடித்தனக்காரர்கள் 1970களின் இறுதியில் வெளியேறினார்கள். 2018இல் வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, எல்லாவற்றையும் பிரபுவின் காலத்துக்குத் திருப்பிவிடவில்லை. குடித்தனக் காலத்தில் நடையில் பூசிய சிவப்பும், துணிக்குப் போடும் நீலத்தின் நிறமும் சுவரில் அப்படியே இருக்கின்றன. குடியிருந்தவர்களின் நினைவுகளும் அங்கே ஆவணம். இது முக்கியமான முடிவு என்பேன். அசல் என்பது கட்டி முடித்த அன்றைய நிலை மட்டும்தான் என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

ஆனாலும் எச்சரிக்கை தேவை. அதே நகரில் இன்றும் வாடகை கொடுக்க முடியாமல் ஜனங்கள் திண்டாடுகிறார்கள். ஒண்டுக்குடித்தனம் முடிந்துபோன கதை என்ற நிம்மதியோடு பார்வையாளர் வெளியே வருவாரானால், வான்ஸ் போட்ட தடுப்புகளையும் சேர்த்து நாம் அலங்காரமாக்கிவிட்டோம் என்றுதான் ஆகும். கட்டடப் பாதுகாப்பு பற்றிய பேச்சைக் குடியிருப்பு உரிமை பற்றிய பேச்சிலிருந்து பிரிக்க விடக்கூடாது.