ஏசாயா 19: ஓர் உருபும் மூன்று நாடுகளும்

பண்டை இசுரவேலர்க்கு எகிப்து பழைய அடிமை வாழ்வின் நினைவு. அசீரியாவோ கண்முன் நின்ற வாள். கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. கி.மு. 701இல் சனகெரிப் யூதாவின் இலாகீசு நகரைக் கைப்பற்றினான். அம்முற்றுகையைக் காட்டும் நினிவே அரண்மனைச் சிற்பங்கள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவ்விரு பேரரசுகளும் தமக்குள்ளும் பகைமை கொண்டிருந்தன. கி.மு. 671இல் அசீரியர் மெம்பிசைப் பிடித்தனர். இப்பகைவர் இருவரும் பெருவழியொன்றால் இணைந்து, இசுரவேலோடு ஒரே இறைவனை வழிபடுவர் என்கிறது ஏசாயா நூலின் 19ஆம் இயலின் இறுதிப் பகுதி. இதனைப் பிற்காலச் சேர்க்கை எனக் கொள்வார் பலர், அங்ஙனமாயின், கி.மு. 612இல் நினிவே அழிந்த பின்னும் 'அசீரியா' என்னும் பெயர் வடபுலப் பேரரசைக் குறித்து வழங்கியதாதல் வேண்டும்.

23ஆம் வசனத்தில் சிக்கல் எழுகிறது. எபிரேயத்தில் 'எத்' என்னும் இடைச்சொல் செயப்படுபொருளையும் உணர்த்தும். 'உடன்' என்றும் பொருள்படும். 'அவாத்' என்னும் வினையோ, தமிழின் 'பணி' போல, ஊழியத்தையும் வழிபாட்டையும் ஒருங்கே சுட்டும். எனவே எகிப்தியர் அசீரியருடன் வழிபடுவர் என்றும் கொள்ளலாம். அசீரியர்க்கு அடிமை செய்வர் என்றும் கொள்ளலாம். கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இரண்டாவதையே கொண்டது. இலக்கணத்தால் அது பிழையன்று. ஆயினும் 21ஆம் வசனத்தில் இதே வினை எகிப்தியரின் பலி வழிபாட்டைக் குறிப்பதால் முதற்பொருளே பொருந்தும். 'ஐ', 'ஓடு' என உருபு வேறுபடும் தமிழில் இவ்விருபொருள் நில்லாது. தமிழ் விவிலியத்தில் பரவலாக வழங்குவது 'ஓடு' உருபே.

25ஆம் வசனத்தில் இலக்கணம் தெளிவு, தயக்கம் மொழிபெயர்த்தோருடையது. இசுரவேலுக்கே உரிய 'என் மக்கள்' என்னும் உரிமைப்பெயர் அங்கு எகிப்துக்கும், 'என் கைவேலை' என்பது அசீரியாவுக்கும் தரப்படுகின்றன. கிரேக்கப் பெயர்ப்பு இதனை எகிப்திலும் அசீரியரிடையிலும் வாழும் தம்மவர் என மாற்றியது. அரமேயத் தார்கூம், எகிப்திலிருந்து மீட்கப்பெற்று அசீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட இசுரவேலர் என விரித்தது. பகைவர்க்கு வழங்கிய வாழ்த்து இரண்டிலும் தம்மவர்க்கே மீண்டது. இம்மாற்றங்களைக் கைதவறியவை என்றல் அரிது. எபிரேய மூலத்தைப் படியெடுத்தோர் அதனைத் தொடவில்லை. கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த ஏசாயாச் சுருளிலும் எகிப்து 'என் மக்கள்' என்றே நிற்கிறது.