எயிற்பட்டினத்துத் தேறலும் ஜப்பானின் சாகேயும்

விழுப்புரத்திலிருந்து சென்னைச் சாலையில் சென்றால் சுமார் 40 கிலோமீட்டரில் திண்டிவனம் வரும். அந்நகரின் ஒரு பகுதியாக இன்று கிடங்கல் என்ற இடம் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு தலைநகரம். ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன் என்னும் சிற்றரசன் அங்கே இருந்தான். அவனைப் பாடிய நூல்தான் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள் கொண்ட அந்நூலை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்.

பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதே நூலின் அமைப்பு. எந்த வழியில் போக வேண்டும், எந்த ஊரில் தங்க வேண்டும் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றும் சொல்கிறான். மாணவர்கள் இப்பகுதியை மனப்பாடத்துக்காகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அறிவியல் கண்ணோடு படித்தால், அதில் ஒரு வேதியியல் பாடமே அடங்கியிருப்பதைக் காணலாம்.

மூன்று ஊர்கள், மூன்று விருந்துகள்

முதல் ஊர் கடற்கரையிலுள்ள எயிற்பட்டினம். இன்றைய மரக்காணமே அது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அங்கே, உறங்கும் ஒட்டகம் போலக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மணமுள்ள மரங்களை விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள். பரதவப் பெண் வடித்துத் தரும் பழைய தெளிந்த தேறலோடு, சுட்ட உலர்ந்த குழல் மீன் கிடைக்கும். அடுத்தது வேலூர். இது இன்றைய வேலூர் நகரமன்று, ஓய்மா நாட்டு ஊர். அங்கே புளி சேர்த்த சூடான சோற்றோடு, சுட்ட ஆமான் இறைச்சி. மூன்றாவது ஆமூர். உழவர் வீட்டில் நன்றாகக் குற்றிய அரிசியில் வடித்த வெண்சோற்றோடு நண்டுக் கறி.

எதையும் தனியாகச் சொல்லாமல் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தே புலவர் சொல்கிறார் என்பதை நோக்குங்கள். பழைய தேறலுக்கு உலர்ந்த மீன், புளிச்சோற்றுக்குச் சுட்ட இறைச்சி, வெண்சோற்றுக்கு நண்டு. எந்த உணவுக்கு எது துணை என்பது அக்காலத்தில் வழக்கமாகவே நிலைத்திருந்தது.

இன்று இந்தத் துணை சேர்க்கும் கலையில் உலகப் புகழ் பெற்றிருப்பவர்கள் ஜப்பானியர்கள். அரிசியிலிருந்து அவர்கள் செய்யும் சாகே என்னும் பானத்தை எந்த உணவோடு, எந்த வெப்பநிலையில் பருகுவது என்பது அங்கே ஒரு தனிப்படிப்பு. அரிசியைப் புளிக்கவைத்துப் பானம் செய்வது நமக்கும் புதிதன்று. அதற்குச் சான்று மற்றோர் ஆற்றுப்படையில் இருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையின் செய்முறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, திண்டிவனத்துக்கு வடக்கே காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே பானம் செய்யும் முறையைப் புலவர் படிப்படியாகச் சொல்கிறார்.

தீட்டாத அரிசியைக் களியாகக் குழைய வேகவைக்கிறார்கள். அகன்ற தட்டில் கொட்டி ஆறவிடுகிறார்கள். புற்றாஞ்சோறு போலத் தோன்றும் ஓர் அடையை அதில் கலக்கிறார்கள். வலுவான வாயுள்ள சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிரவிடுகிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கிறார்கள். அதனோடு தருவது புதிய மீன் சூடு. எயிற்பட்டினத்தில் பழைய தேறலுக்கு உலர்ந்த மீன். இங்கே இரண்டு நாள் பானத்துக்குப் புதிய மீன்!

வேகவைத்தல், ஆற்றுதல், நொதியூட்டுதல், முதிரவிடுதல், பிழிதல் என்னும் இந்த வரிசையே இன்றும் சாகே ஆலைகளில் பின்பற்றப்படுகிறது. ஒரு சில இடங்களில் மட்டும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடுகளில்தான் அறிவியல் இருக்கிறது.

பூட்டைத் திறப்பது யார்?

திராட்சைச் சாற்றையோ பதநீரையோ வைத்திருந்தால் அது தானே புளித்துவிடும். அவற்றில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்ககாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. ஆனால் அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுப்பொருள். சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டதே மாவுப்பொருள். அந்தச் சங்கிலியை அறுக்க ஈஸ்ட்டால் முடியாது. அமிலேஸ் என்னும் நொதி முதலில் அறுத்துக் கொடுக்க வேண்டும்.

அமிலேஸைப் பெற மனிதன் மூன்று வழிகளைக் கண்டான். ஒன்று, நம் வாயில் ஊறும் உமிழ்நீர். ஜப்பானிலேயே பழங்காலத்தில் அரிசியை மென்று பாத்திரத்தில் துப்பிப் புளிக்கவைத்தார்கள். இரண்டாவது, முளைகட்டிய தானியம். விதை முளைக்கும்போது தன் உணவுக்காகத் தானே அமிலேஸைச் சுரக்கிறது. ஐரோப்பாவின் பீர் இவ்வழியில் வந்தது. மூன்றாவது, பூஞ்சை. சாகே செய்பவர்கள் வேகவைத்த அரிசியில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையை வளர்க்கிறார்கள். அதற்குக் கோஜி என்று பெயர். கோஜி மாவுப்பொருளை அறுக்க அறுக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அதை ஆல்ககாலாக்குகிறது. இரு வேலைகளும் ஒருங்கே நடப்பதால் ஆல்ககால் 20 சதவீதம் வரை ஏறக்கூடும். பின்னர் நீர் சேர்த்து 15, 16 சதவீதமாக்குவார்கள்.

நம் புலவர் சொன்ன அடை இவற்றில் எது? முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்தது என்று உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். அப்படியானால் அது இரண்டாவது வழி. ஆனால் புலவர் எடுத்த உவமையை எண்ணிப் பாருங்கள். புற்றாஞ்சோறு என்பது கறையான்கள் புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கும் தோட்டம்! ஜார்க்கண்டில் ஹண்டியா என்னும் அரிசிப் பானத்துக்கு இன்றும் ரானு என்னும் மாவு உருண்டையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் உறங்குகின்றன. வலைஞர் அடையும் அப்படி ஒன்றாக இருந்திருக்குமா? ஓர் உவமையை வைத்துக்கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. ஆயினும் ஆய்ந்து பார்க்கத் தகுந்த கேள்வி இது.

அரிசியைத் தீட்டுவதன் பயன்

இரண்டாவது வேறுபாடு அரிசியில். வலைஞர்கள் தீட்டாத அரிசியைக் கொண்டார்கள். ஜப்பானியர்களோ தீட்டிக்கொண்டே போகிறார்கள். அரிசி மணியின் வெளிப்புறத்தில் கொழுப்பும் புரதமும் மிகுதி, நடுவில் மாவுப்பொருள். கின்ஜோ என்னும் வகைக்கு மணியில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் எஞ்சியிருக்கும். தாய்கின்ஜோ வகைக்கு 50 சதவீதத்துக்கு மேல் எஞ்சக் கூடாது. கொழுப்பு குறைந்தால் ஈஸ்ட் எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்களை மிகுதியாக உண்டாக்குகிறது. ஆகவே இவ்வகைகளில் வாழைப்பழம், ஆப்பிள் போன்ற மணம் எழும். அவற்றைக் குளிரவைத்து மென்மையான பச்சை மீனோடு பரிமாறுவார்கள். அவ்வளவு தீட்டாத அரிசியில் செய்த ஜுன்மாய் வகைகளில் சுவை கனமாக இருக்கும். அவற்றை 40, 45 பாகை வரை இளஞ்சூடாக்கிச் சுட்ட மீனோடு தருவார்கள். கரடுமுரடாக வடித்த நிகோரி கலங்கலாகக் கஞ்சி போல் இருக்கும். விரலால் பிழிந்த நம் வலைஞர் பானம் இதற்குத்தான் கிட்டத்தட்ட ஒத்திருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வேறுபாடு காலம். நம் கடற்கரை வெப்பத்தில் இரண்டு நாளில் முடிந்த வேலை, ஜப்பானியக் குளிர்காலத்தில் மூன்று, நான்கு வாரம் நடக்கிறது. குளிரில் ஈஸ்ட் மெதுவாக உழைக்கும், மணங்கள் தங்கும், பாக்டீரியாக்கள் புகுந்து புளிப்பாக்குவது குறையும்.

சுவை தேர்பவர்கள் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பார்கள். அதன் அடியில் இரண்டு நீல வட்டங்கள் இருக்கும். பாம்புக் கண் என்பது அதன் பெயர். நீல வட்டத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக் கலங்கலைக் கணிப்பார்கள். பின்பு முகர்ந்து, நாவில் உருட்டி, துப்பிவிடுவார்கள். ஆம், தேர்பவர் விழுங்குவதில்லை!

மீனுக்கும் புளிக்கும் என்ன உறவு?

சாகேயும் மீனும் பொருந்துவது ஏன்? கோஜி புரதத்தையும் உடைத்து அமினோ அமிலங்களாக்குகிறது. அவற்றில் ஒன்றான குளுட்டாமிக் அமிலத்தின் சுவையை 1908-இல் இக்கேதா கிக்குனாயே என்னும் ஜப்பானிய வேதியியலார் பிரித்தறிந்து உமாமி என்று பெயரிட்டார். மீனிலுள்ள சுவைப்பொருளோடு இது சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று உயர்த்துகின்றன. மேலும், ஒயினிலுள்ள இரும்பு கடலுணவோடு சேர்ந்தால் மீன் கவிச்சி கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். சாகே செய்பவர்கள் இரும்பு கலந்த நீரை முன்பிருந்தே தவிர்த்து வந்திருக்கிறார்கள். அது பானத்தின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

நம் வீட்டு அடுப்பிலும் இதே கவிச்சியோடு போராட்டம் நடக்கிறது. மீனின் வாடைக்கு முதற்காரணம் டிரைமீத்தைல் அமின் என்னும் காரப்பொருள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைப் பிணைத்து ஆவியாகாமல் செய்துவிடுகிறது. மீன் குழம்புக்குப் புளி இன்றியமையாததாக இருப்பதன் வேதியியல் இதுவே. திண்டிவனம் என்ற பெயரும் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. மீன்படும் கடற்கரைக்கு அடுத்தே ஒரு புளியங்காடு இருந்திருக்கிறது!

ஒரு பாதை இரண்டான கதை

1560-களிலேயே நாரா நகரத்து மடம் ஒன்றின் நாட்குறிப்பு, சாகேயைச் சூடாக்கிக் கெடாமல் காப்பதைக் குறிக்கிறது. பாஸ்டர் இதை விளக்கியது 300 ஆண்டுகளுக்குப் பின்புதான். 1881-இல் டோக்கியோவில் வேதியியல் கற்பித்த அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் சாகேயின் வேதியியல் பற்றி ஒரு நூலே எழுதினார். 1899-இல் ஜப்பானிய அரசு வீடுகளில் சாகே காய்ச்சுவதைத் தடுத்தது. ஆனால் 1904-இல் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவியது. 2024 டிசம்பரில் கோஜி கொண்டு பானம் செய்யும் மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

நம் நாட்டிலோ 1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டம் பானங்களை வரிக்கணக்காகவே பார்த்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பிறகு தடை நீங்கியும் மீண்டும் வந்தும் மாறியது. வலைஞர் சாடியைப் பற்றிய அறிவு ஏடுகளில் மட்டும் எஞ்சியது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நத்தத்தனார் தேறலும் மீன் சூடும் கண்ட அதே கரை! 2024 ஜூனில், முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு இடங்களிலும் கொன்றது மெத்தனால். அது தானியம் புளித்து வந்ததன்று, தொழிற்சாலைக் கரைப்பான். பார்வைக்கும் வாடைக்கும் அது ஆல்ககால் போலவே இருக்கும். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பை அழிக்கிறது, உயிரையும் பறிக்கிறது. நாவாலோ மூக்காலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதைக் கொண்டு பழைய பானங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எந்த மதுவும், சாகே உட்பட, உடலுக்குத் தீங்கே. ஆனால் குடிப்பது வேறு, அறிவது வேறு. எயிற்பட்டினத்துப் பெண்ணுக்குத் தன் சாடியில் என்ன இருக்கிறது என்று தெரியும், விருந்தினனுக்கும் தெரியும். எக்கியார்குப்பத்தில் வாங்கியவனுக்கு அது தெரியாது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை திண்டிவனம் வழியாகப் போகும்போது கிடங்கலில் இறங்கிப் பாருங்கள். வீட்டில் இட்லி மாவு பொங்குவதையும், பழைய சோறு புளிப்பதையும் கவனியுங்கள். அவற்றையும் நுண்ணுயிர்களே செய்கின்றன. அவை எவை, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரத்தில் என்ன செய்கின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். ஜப்பானியர் விடாமல் செய்தது அதைத்தான். பெரும்பாணாற்றுப்படைப் புலவரும் அதைத்தான் செய்தார். அவருக்குப் பின் நம்மில் அதை எழுத ஆளில்லாமல் போயிற்று.