முடி உதிர்வு மாத்திரை: நிறுத்திய பிறகும் பக்கவிளைவு நீடிக்குமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

தலையில் சொட்டை விழ ஆரம்பித்த ஆண்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் மாத்திரை ஃபினாஸ்டெரைடு. சிலருக்கு செக்ஸ் ஆர்வம் குறையலாம், மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றுதான் பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆனால், நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியும் சரியாகவில்லை என்கிறார்கள் சிலர். இதில் எவ்வளவு உண்மை?

மாத்திரை என்ன செய்கிறது?

ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் ஒரு பகுதி, ஒரு நொதியின் உதவியால் டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாறுகிறது. முடியின் வேர்க்கால்களைச் சுருங்க வைப்பது இந்த டிஹெச்டிதான். ஃபினாஸ்டெரைடு அந்த நொதியைத் தடுக்கிறது. தினமும் 1 மி.கி. எடுத்தாலே ரத்தத்தில் டிஹெச்டி சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும்.

இத்தனைக்கும் இது முதலில் முடிக்காக வந்த மருந்தே இல்லை. 1992-ல் ப்ராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மி.கி. அளவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழுக்கைக்கான 1 மி.கி. மாத்திரை வந்தது 1997-ல்.

சிக்கல் என்னவென்றால், அதே நொதி மூளையிலும் வேலை செய்கிறது. மனதை அமைதிப்படுத்தும் அலோபிரெக்னனோலோன் போன்ற பொருட்கள் உருவாகவும் அது தேவை. மனச்சோர்வு பற்றிய சந்தேகம் இங்கிருந்துதான் வருகிறது.

நிறுத்திய பிறகும் தொடர்வது ஏன்?

மருந்து நிறுவனத்தின் சோதனைகளில் மாத்திரை எடுத்தவர்களில் 3.8% பேருக்கு பாலியல் பக்கவிளைவுகள் இருந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 2.1% பேர் அதையே சொன்னார்கள். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும்.

2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மாத்திரையை நிறுத்தி குறைந்தது 3 மாதம் ஆகியும் பிரச்னை தீராத 71 ஆண்களிடம் பேசியது. அவர்களுக்குப் பிரச்னை நீடித்த சராசரி காலம் 40 மாதங்கள்! ஆனால், ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களை மட்டும் தேடிப் பேசிய ஆய்வு இது. நூறு பேரில் எத்தனை பேருக்கு இப்படி ஆகும் என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

பயமும் ஒரு காரணம்தான். 2007-ல் வந்த இத்தாலிய ஆய்வில், பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6% பேர் பிரச்னை இருப்பதாகச் சொன்னார்கள். சொல்லப்படாதவர்களில் 15.3% மட்டுமே. ஆனால், வருடக்கணக்கில் தொடரும் பாதிப்பு எல்லாவற்றையும் இந்தப் பயத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அரசுகள் என்ன சொல்கின்றன?

நிறுத்திய பிறகும் நீடித்த பாலியல் பிரச்னைகள் பதிவாகியுள்ளதை 2012-ல் அமெரிக்கா மருந்தின் விவரக்குறிப்பில் சேர்க்க வைத்தது. தற்கொலை எண்ணமும் ஒரு பக்கவிளைவு என்று 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது. எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கு அதனிடமும் இல்லை.

ஸ்பிரே, லோஷன்தானே என்று அலட்சியம் வேண்டாம். தோல் வழியாகவும் இது ரத்தத்தில் கலக்கும்.

என்ன செய்யலாம்?

ஏற்கெனவே மனச்சோர்வு இருந்திருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முடிக்காக 1 மி.கி. எடுக்கும்போது மனநிலை மாறினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ப்ராஸ்டேட்டுக்காக 5 மி.கி. எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் உடனே பேசுவது நல்லது.

மனநல உதவிக்கு: தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416.