போராட்டத்துக்குப் போனதால் வழக்கு: ‘உரிமை’ வாதம் கோர்ட்டில் எங்கே எடுபடுகிறது?

2019 டிசம்பர் 19. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து பெங்களூரு டவுன் ஹால் அருகே நின்ற வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவை போலீஸார் பிடித்துச் சென்றனர். முந்தைய நாள்தான் நகரம் முழுக்க மூன்று நாள் 144 தடை உத்தரவு போட்டிருந்தார்கள்.

அந்த உத்தரவு சட்டப்படி நிற்காது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரி 13-ல் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் போராட வேண்டிய அந்த மூன்று நாள் போனது போனதுதான்.

சரி, எஃப்.ஐ.ஆரே போட்டுவிட்டால்?

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு தருகிறது. பொது ஒழுங்குக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் ‘எனக்கு உரிமை இருக்கு’ என்ற ஒற்றை வாதத்தில் கேஸ் உடைவது அபூர்வம். போலீஸ் நடைமுறையில் விட்ட ஓட்டையோடு சேரும்போதுதான் அதற்குப் பலம் வருகிறது.

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2018 செப்டம்பர் 20-ல் தந்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். போராடுபவர்கள் மீது வழக்கமாகப் பாயும் இரண்டு பிரிவுகள்: அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கு 188, சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143. தீர்ப்பு சொன்னது இதுதான்: 188-க்கு போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துபூர்வமாக கோர்ட்டில் புகார் தர வேண்டும். 143-க்கு ஐந்து பேர் கூடினால் மட்டும் போதாது (பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்). அந்தக் கூட்டத்தின் நோக்கம் எப்படிச் சட்டவிரோதமானது என்று எஃப்.ஐ.ஆரில் இருக்க வேண்டும். இல்லாததால் வழக்குகள் ரத்து.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவற்றுக்கு 144 என்பது பி.என்.எஸ்.எஸ் 163, 188 என்பது பி.என்.எஸ் 223, 143 என்பது 189(2). அதிகாரியின் புகார் வேண்டும் என்ற நிபந்தனை பி.என்.எஸ்.எஸ் 215-ல் இருக்கிறது. ஆனால் மைசூருவிலோ மேல்கோட்டையிலோ வழக்கு என்றால் மதுரைத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவே.

பிரிட்டனில் பாதை வேறு. சாலையை மறித்த வழக்கில், தண்டிப்பது உரிமைக்கு மீறிய தலையீடா என்றே விசாரணை நீதிமன்றம் எடைபோட வேண்டும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-ல் ஜீக்லர் வழக்கில் சொன்னது. நம் ஊரில் அந்தக் கேள்வி பெரும்பாலும் உயர் நீதிமன்றம் வரை போய், வழக்கை ரத்து செய்யக் கேட்கும்போதுதான் எழுகிறது. அதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

அந்த வருடங்கள்தான் உண்மையான தண்டனை. கோர்ட்டில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) இடம் தருகிறது. 1993 அறிவிக்கையின்படி அந்த கோர்ட்டின் அனுமதியோடு விண்ணப்பிக்கலாம். வெறும் எஃப்.ஐ.ஆர் ‘நிலுவை’ ஆகாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

உங்கள் பெயர் ஒரு வழக்கில் வந்தால் முதல் வேலை எஃப்.ஐ.ஆர் நகலை எடுப்பது. 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, சில விதிவிலக்குகளோடு. எந்த உத்தரவை மீறினீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். வக்கீல் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.